ஃபில்டர் என்று கேட்டது

எங்கள் ஆஸ்பத்திரியின் பதிவேட்டுப் பிரிவில் எனக்கு எதிர் மேசைக்காரரை எல்லோரும் அகராதி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது. இந்தப் பட்டப்பெயருக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஆங்கிலத்தில் எதைக் கேட்டாலும் பொருள் சொல்வார் என்பது ஒன்று. கொஞ்சம் அகராதி பிடித்தவர் என்பது இன்னொன்று. முதலாவது மட்டுமே தன் காதுக்கு வந்ததுபோல் அவர் நடந்துகொள்வார்.

எங்கள் அறை தரைத்தளத்துக்கும் கீழே இருந்தது. கூரை வரை இரும்பு அலமாரிகள், ஒவ்வொன்றிலும் நோயாளிகளின் கோப்புகள், உயரத்தில் இருப்பதை எடுக்கச் சக்கரம் வைத்த ஓர் ஏணி. ஜன்னல் கிடையாது. அந்த அறையில் இருபத்திரண்டு வருடம் கோப்பு அடுக்கிக்கொண்டே அவர் ஆங்கிலம் படித்தார். இலக்கணத்தைவிட அவருக்குப் பிடித்தது ஆங்கிலேயர்கள் ஒன்றைச் சொல்லி இன்னொன்றைக் குறிக்கும் சொற்றொடர்கள். நீல அட்டை போட்ட நோட்டில் அவற்றை எழுதி வைத்திருந்தார். மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கும்போது ஒன்றை எடுத்துவிடுவார். "இதுக்கு என்ன அர்த்தம், சொல்லுங்க பார்ப்போம் மேடம்" என்பார். நான் தெரியாது என்று சொல்லும்வரை முதல் கவளம் வாய்க்குள் போகாது.

வார்டுகளுக்கு அவர் மொழிபெயர்க்கப் போக ஆரம்பித்ததற்கு இன்னொரு எழுத்தர்தான் காரணம். எங்கள் பெரிய டாக்டர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் வராது. ஒருமுறை ஒரு டாக்டர், நெஞ்சுவலி வந்து பிழைத்த ஒருவரிடம் 'யூ ஆர் அவுட் ஆஃப் தி வுட்ஸ்' என்றார். ஆபத்தான கட்டம் தாண்டிவிட்டது என்று பொருள். வார்டு எழுத்தர் அதை, "நீங்க காட்டைவிட்டு வெளியே வந்துட்டீங்களாம்" என்று சொல்லிவிட்டார். நோயாளி பயந்துபோய், "நான் காட்டுக்கே போகலையே சார், கடைக்குத்தானே போனேன்" என்றாராம். ஒரு வாரம் ஆஸ்பத்திரியே சிரித்தது. அந்த வாரக் கடைசியில் கண்காணிப்பாளர் எங்கள் ஆளைக் கூப்பிட்டு, இனிமேல் வார்டுகளில் மொழிபெயர்க்கும் வேலையும் உங்களுடையது என்றார். அன்றைக்கு அவர் படியிறங்கி வந்த நடையை நான் மறக்கவில்லை. இருக்கிற உயரத்துக்கு இரண்டு அங்குலம் கூட்டிக்கொண்டு வந்தார்.

வேலையை நன்றாகத்தான் செய்தார். நோயாளிகள் அவரைச் சார் என்றார்கள், சிலர் டாக்டர் என்றே சொன்னார்கள், அவரும் திருத்தவில்லை. ஒரே ஒரு சொல் மட்டும் அவர் வாயில் வராது: தெரியாது. ஒரு டாக்டரிடம் "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று அவர் கேட்டு யாரும் பார்த்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, பெண்கள் வார்டில் ஒன்பதாம் படுக்கையில் ஓர் அம்மா இருந்தார். நாற்பது வயதுக்கு மேல். ஒரு ஓட்டலின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் வேலை. முந்தின நாள் இஸ்திரி மேசையருகே கால் தடுமாறி விழுந்து, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னதால் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். கூட இருந்தது தங்கை. அக்கா கல்யாணமே செய்துகொள்ளாமல் வளர்த்த தங்கை.

தங்கை ஒரு செருப்புக் கடையில் வேலை செய்தாள். ஒரு கால் குட்டையான ஒரு வாடிக்கையாளருக்காக, ஒரு ஷூவின் அடியில் மட்டும் கார்க் தகடு ஒட்டி உயரத்தைச் சரிசெய்து கொடுத்திருக்கிறாள். அந்த மனிதர் கடைக்குள்ளேயே நாலு நடை நடந்து பார்த்துவிட்டு அழுதாராம். அன்றையிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. செயற்கைக் கால் செய்யக் கற்றுத்தரும் பயிற்சி நிலையம் ஒன்று வேறு ஊரில் இருந்தது. வருடத்துக்குப் பன்னிரண்டு பேரைத்தான் எடுப்பார்கள், வயது இருபத்தெட்டைத் தாண்டக் கூடாது. இரண்டு முறை தேர்வு எழுதித் தவறி, மூன்றாம் முறை தேறியிருந்தாள். அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும். இருபத்தெட்டு முடிய அவளுக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது.

காலைச் சுற்றில் பெரிய டாக்டரம்மா வந்தார். முகக்கவசம் போட்டிருந்தார், வேகமாகப் பேசுவார். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துக்கொண்டே எங்கள் ஆளிடம் சொன்னார். அவர் காதில் விழுந்தது இது: 'ஹெர் சால்ட்ஸ் ஆர் அவுட் ஆஃப் ஃபில்டர்.' அதோடு, மெதுவாகத்தான் சரிசெய்ய வேண்டும், அவசரப்பட்டால் மூளைக்கு ஆபத்து, சில நாள் ஆகும் என்றும் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

அப்படி ஒரு சொற்றொடரை அவர் கேட்டதே இல்லை. நோட்டிலும் இல்லை. நான்கு எட்டு வைத்து டாக்டரிடம் கேட்டிருக்கலாம். ஆனால் தங்கை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பக்கத்துப் படுக்கைக்காரர்களும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். உப்பு, ஃபில்டர். உடம்பில் ரத்தத்தை வடிகட்டுவது எது என்பது அவருக்குத் தெரியும். இரண்டையும் முடிச்சுப் போட்டார்.

"உடம்புல உப்பை வடிகட்டற ஃபில்டர் போயிடுச்சும்மா" என்றார். "கிட்னி."

தங்கை அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். "ரெண்டும் போயிடுச்சா சார்?"

இதற்கு டாக்டர் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் கேள்வி அவரிடம் வந்தது, கேள்வி வந்தால் பதில் சொல்லியே பழக்கம். "ஒண்ணு போயிருந்தா இந்த நிலைமை வராதும்மா" என்றார். "மெதுவாத்தான் பார்க்கணும்னு சொல்றாங்க. கடைசியில மாத்தறதைத் தவிர வழி இருக்காது."

பின்னால் என்னிடம் சொன்னபோது, இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் அவர் வெகுநேரம் நின்றார். "தப்பா கேட்டது காதோட குத்தம் மேடம். அதுக்கு மேல நானா சேர்த்துச் சொன்னது எதோட குத்தம்?"

மறுநாள் மதியம் அவள் படியிறங்கி எங்கள் அறைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது, பேச்சு தெளிவாக இருந்தது. தன் கிட்னியில் ஒன்றை அக்காவுக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னாள். கொடுத்தபின் பல மாதம் கனமான வேலை செய்யக் கூடாது, பயிற்சியில் சேர முடியாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இடம் வேண்டாமென்று முறையாக எழுதித் தெரிவித்துவிட்டால் காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் யாருக்காவது உதவும். ஆங்கிலத்தில் எழுத வேண்டும். "எனக்கு அவ்வளவா வராது சார். நீங்க எழுதித் தர முடியுமா?"

அவர் எழுதினார். நானும் அங்கேதான் இருந்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் உரக்கச் சொல்லிச் சொல்லித் தட்டச்சு செய்தார். ஓரிடத்தில் 'ரெலின்க்விஷ்' என்ற சொல்லைப் போட்டுவிட்டு, கொஞ்சம் பின்னால் சாய்ந்து அதைப் பார்த்தார்.

"இது என்ன சார்?" என்று கேட்டாள்.

"விட்டுக்கொடுக்கறதும்மா. சும்மா 'கிவ் அப்'னு போட்டா மொட்டையா இருக்கும்."

அவள் தலையாட்டினாள். கடிதத்தை அவர் கணினியிலிருந்தே அனுப்பினாள். போகும்போது எங்கள் இரண்டு பேருக்கும் நன்றி சொன்னாள். எனக்கு எதற்கு என்று தெரியவில்லை, கதவைத் திறந்து பிடித்தேன், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை பயிற்சி நிலையத்திலிருந்து பதில் வந்தது. வருத்தத்துடன் ஏற்றுக்கொள்கிறோம் என்று.

வெள்ளிக்கிழமை காலைச் சுற்றில் அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தார். பேச்சு தெளிந்திருந்தது. தங்கை அவரிடம் எதையும் மறைக்கவில்லை. கிட்னி கொடுப்பதில் அவர்களுக்குள் இரண்டு நாளாகச் சண்டை. டாக்டரம்மா வந்ததும் தங்கை முந்திக்கொண்டாள். "என் கிட்னியை எப்ப எடுப்பாங்கன்னு கேளுங்க சார். முன்னாடியே டெஸ்ட் எல்லாம் எடுக்கணும்ல?"

அவர் ஆங்கிலத்தில் கேட்டார். டாக்டரம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாருடைய கிட்னி, எதற்கு என்றார். அவர் விளக்கினார். டாக்டரம்மா கோப்பை முன்னும் பின்னும் புரட்டினார், பிறகு முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கினார். இந்த அம்மாவின் கிட்னி இரண்டும் நன்றாக இருக்கிறது, கிட்னி என்று யார் சொன்னது, 'அவுட் ஆஃப் கில்டர்' என்றுதானே நான் சொன்னேன் என்றார். கில்டர். உப்பின் அளவு சமன் குலைந்து குறைந்திருந்தது, ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிட்ட மாத்திரைதான் காரணம், அதை நிறுத்தியாகிவிட்டது, அளவு நன்றாக ஏறிவிட்டது, திங்கட்கிழமை வீட்டுக்குப் போகலாம். குடும்பத்தார்தான் எதையோ குழப்பிக்கொண்டார்கள் என்று நினைத்து, "இவங்களுக்குச் சரியா விளக்கிச் சொல்லுங்க" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நகர்ந்தார். அவரை அந்த அளவுக்கு நம்பினார்.

முகக்கவசம் இறங்கியிருந்ததால் இந்த முறை அவர் டாக்டரின் உதட்டையே பார்த்துவிட்டார். ஃபில்டர் இல்லை, கில்டர். உடம்பில் உப்பு குறைந்திருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். தமிழில் மூன்று சொல்.

இரண்டு பெண்களும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைமை நர்ஸ் அருகில் நின்றார். எட்டாம் படுக்கைக்காரம்மாவின் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு மேடம்" என்று பின்னால் சொன்னார். "நான் தப்பா கேட்டுட்டேன். அவ்வளவுதான் சொல்லணும். வரலை."

வந்தது வேறு. "மருந்துலயே சரியாயிடுச்சாம்மா" என்றார். "கிட்னி தேறிடுச்சு. மாத்த வேண்டியதில்லை. திங்கட்கிழமை வீட்டுக்குப் போகலாம்னு சொல்றாங்க."

தங்கை அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அக்கா படுக்கையிலிருந்தபடியே கும்பிட்டார். அவர் கையை உருவிக்கொள்ளவும் முடியாமல், விட்டுவைக்கவும் முடியாமல் நின்றார்.

அரைமணி நேரத்துக்குள் அவள் எங்கள் அறைக்கு ஓடிவந்தாள். பயிற்சி நிலையத்துக்குப் போன் செய்து, இப்போது சேர முடியும் என்று சொல்ல வேண்டும். அவர் எண்ணை அழுத்தினார். மறுமுனையில் பதிவாளர். அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை, எங்கள் ஆள் சொன்னது கேட்டது. முதலில் விவரம் சொன்னார். பிறகு நிறையக் கேட்டுக்கொண்டார். அதன்பின், "நோ சார். நோ மிஸ்டேக்" என்றார். கொஞ்சம் பொறுத்து, இன்னும் சின்னக் குரலில், "நோ மிஸ்டேக் ஃப்ரம் தி ஹாஸ்பிட்டல்."

போனை வைத்துவிட்டு, "இடம் போயிடுச்சுன்னு சொல்றாங்கம்மா" என்றார்.

அவள் ஏணியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "பரவாயில்ல சார். அக்கா இருக்காங்க. அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பதிவாளர் என்ன கேட்டார் என்பது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரி தவறான தகவல் கொடுத்ததால் அந்தப் பெண் இடத்தை விட்டிருந்தால், அதை எழுதிக் கையெழுத்துப் போட்டு நாளை மதியத்துக்குள் அனுப்புங்கள், இடத்தை நிறுத்தி வைக்கிறேன். அப்படி இல்லாமல் அவளே மனம் மாறியதென்றால் விதிப்படி என்னால் ஒன்றும் செய்ய முடியாது. இதுதான் அவர் சொன்னது. அந்த அளவுக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தார்.

இதில் என் பங்கும் கொஞ்சம் உண்டு, சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் ஒன்பதாம் படுக்கையின் கோப்பு அடுக்குவதற்காக என் மேசைக்கு வந்தது. முதல் நாள் தாளிலேயே சிறுநீரகம் இயல்பு என்று எழுதியிருந்தது. கிட்னி மருந்திலேயே தேறிய அதிசயத்தை அந்த வாரம் முழுக்க டீ இயந்திரத்தின் முன்னால் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தாளைப் பார்த்தேன், எதிர் மேசையைப் பார்த்தேன். அவர் தலை நிமிரவில்லை. நான் கோப்பை அதன் இடத்தில் செருகினேன். நமக்கெதற்கு வம்பு என்று நினைத்தேன். வாய் திறந்திருக்கலாம்.

அவரிடம் மாற்றம் தெரிந்தது. மதியம் கேள்வி கேட்பது நின்றது. சாப்பாட்டைத் திறந்து மூடி வைத்தார். ஒரு நாள் தங்கை வந்து ஒரு பெட்டியைக் கொடுத்தாள். உள்ளே கறுப்பு ஷூ. அவர் நடக்கும்போது வலது குதிகால் பக்கவாட்டில் தேய்வதை ஆஸ்பத்திரி நடைபாதையிலேயே கவனித்திருக்கிறாள், அதற்கேற்ப அடிப்பாகத்தை மாற்றித் தைத்திருக்கிறாள். "போட்டு நடந்து பாருங்க சார்" என்றாள். அவள் எதிரிலேயே போட்டு, அலமாரிகளுக்கு நடுவே போய்த் திரும்பி வர வேண்டியிருந்தது. முட்டி வலி போயே போய்விட்டது என்று பின்னால் சொன்னார். சொல்லும்போது, அதுவும் ஒரு நோய் என்பதுபோல் முகம் இருந்தது.

வீட்டுக்குப் போய் மூன்று வாரம் கழித்து அக்காவை மறுபடி கொண்டுவந்தார்கள். முன்பைவிட மோசம். வீட்டுக் கழிப்பறையில் விழுந்து புருவம் கிழிந்திருந்தது, தங்கையையே யார் என்று கேட்டார். அதே வார்டு, வாசலோரப் படுக்கை. அதே டாக்டரம்மா. உப்பின் அளவு போன முறையைவிடக் கீழே. மாத்திரையை நிறுத்தியும் எப்படி இறங்கியது என்று டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. இவர் என்ன சாப்பிடுகிறார் என்று கேளுங்கள் என்றார்.

அவர் கேட்டார்.

"உப்பைச் சுத்தமா நிறுத்திட்டோம் சார்" என்றாள் தங்கை. "ஒரு சிட்டிகை கூடச் சேர்க்கறதில்ல. தண்ணி மட்டும் நிறையக் குடிக்க வைக்கிறேன், கிட்னிக்கு நல்லதுன்னு."

வீட்டுக்குப் போகிற நாளில் அவள், உப்பு சேர்க்கலாமா என்று அவரிடம் கேட்டிருந்தாள். எப்போதும்போலச் சாப்பிடலாம் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் கிட்னி நோயாளியிடம் எப்படி அதைச் சொல்வது? தான் கட்டிய பொய் நிற்க வேண்டுமே என்று, "குறைச்சுக்கறது நல்லதும்மா" என்று சொல்லிவிட்டிருந்தார். அவள் குறைக்கவில்லை, நிறுத்தியே விட்டாள்.

அவர் இதை ஆங்கிலத்தில் சொன்னதும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. உப்பை நிறுத்தச் சொன்னது யார், கேளுங்கள் என்றார்.

"யார் அப்படிச் சொன்னதுன்னு கேக்கறாங்க" என்றார் அவர்.

தங்கை அவரைப் பார்த்து, அந்த நிலையிலும் லேசாகச் சிரித்தாள். "என்ன சார், நீங்கதானே சொன்னீங்க. அதையே சொல்லுங்க."

அவளுக்கு அவர்மேல் ஒரு துளி சந்தேகம் இல்லை. அந்தச் சிரிப்புதான் தன்னை உடைத்தது என்றார். சந்தேகப்பட்டிருந்தால் இன்னொரு பொய் சொல்லியிருப்பேனோ என்னவோ என்றும் சொன்னார்.

"ஐ டோல்ட் தெம்" என்றார் டாக்டரிடம். பிறகு நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னார்: ஃபில்டர் என்று கேட்டது, கிட்னி என்று சொன்னது, மாற்ற வேண்டும் என்று தானாகச் சேர்த்தது, தேறிவிட்டது என்று மறைத்தது. டாக்டரம்மா கேட்டுவிட்டு, நர்ஸைக் கூப்பிட்டு மருந்து எழுதினார். எழுதும்போது பேனா தாளைக் கிழித்துவிடும்போல் இருந்ததாம்.

பிறகு அவர் தங்கை பக்கம் திரும்பி, அத்தனையையும் தமிழில் சொன்னார். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அவள் முழுக்கக் கேட்டாள். முடிவில் ஒன்று மட்டும் கேட்டாள். "அப்ப அந்தப் போன்?"

"தப்பு எங்களோடதுன்னு எழுதிக் குடுத்தா இடத்தை வெச்சிருக்கறதாச் சொன்னாங்க. நான் தப்பு இல்லைன்னு சொல்லிட்டேன்."

அவள் அவரை அடித்திருக்கலாம், கத்தியிருக்கலாம். எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படுக்கையின் அந்தப் பக்கம் போய், அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டாள். அவர் கொஞ்ச நேரம் நின்றார். போகச் சொல்லவும் ஆளில்லை, இருக்கச் சொல்லவும் ஆளில்லை.

அன்றைக்கு மாலை, வேலை முடிந்து எல்லோரும் போனபின், எதிர் மேசையிலிருந்து என்னிடம் இதையெல்லாம் சொன்னார். கோப்பை நானும் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

அக்கா பிழைத்தார். எட்டு நாள் ஆனது. மூன்று நாள் பயம்தான். அந்த மூன்று நாளும் எங்கள் ஆள் வார்டு வாசல் வரை போவார், உள்ளே போகாமல் திரும்புவார். கண்காணிப்பாளர் விசாரணை வைத்தார். அவர் எதையும் மறுக்காமல் எழுதிக் கொடுத்தார். மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள், சம்பள உயர்வு ஒரு வருடம் நின்றது. மொழிபெயர்ப்புக்கென்றே படித்த ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தார்கள். வீட்டில் அவர் சொல்லவில்லை, ஆஸ்பத்திரியின் கடிதத்தைப் பிரித்துத்தான் மனைவி தெரிந்துகொண்டார். சொந்தக்காரர்கள் எதிரிலேயே மனைவியின் ஆங்கிலத்தைத் திருத்துகிற பழக்கம் அவருக்கு உண்டு. மனைவி கடிதத்தை மடித்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "நான் தப்பாப் பேசினா நாலு பேர் முன்னாடி திருத்துவீங்களே" என்றாராம்.

பயிற்சி நிலையத்துக்குத் தானே வந்து பதிவாளரிடம் பேசுவதாகத் தங்கைக்குச் சொல்லி அனுப்பினார். அவள் புது மொழிபெயர்ப்புப் பெண் மூலமாகப் பதில் சொன்னாள்: அவர் வர வேண்டாம். எழுதிக் கொடுத்தால் போதும். எனக்குப் படித்தால் புரிகிற மாதிரி எழுதச் சொல்லுங்கள்.

அந்தக் கடிதத்தை எழுத அவருக்கு இரண்டு நாள் ஆனது. எழுதுவார், கிழிப்பார். கடைசியில் ஆறு வரி நின்றது. டாக்டர் சொன்னதை நான் தவறாகக் கேட்டேன். அந்தப் பெண்ணிடம் தவறாகச் சொன்னேன். அதனால் அவர் இடத்தை விட்டார். நீங்கள் போனில் கேட்டபோது பொய் சொன்னேன். குற்றம் முழுக்க என்னுடையது. அவருக்கு இன்னொரு வாய்ப்பு தர முடியுமானால் தாருங்கள். என்னிடம் காட்டினார். தேடித் தேடிப் போட்ட சொல் ஒன்றுகூட அதில் இல்லை.

அந்த வருடத்து இடம் நிரம்பிவிட்டிருந்தது. அதில் ஒன்றும் செய்ய முடியவில்லை. வயது வரம்பை மட்டும் அவளுக்கு ஒரு வருடம் தளர்த்தினார்கள். ஆனால் தேர்வைப் புதிதாக எழுத வேண்டும். நான்காம் முறை எழுதினாள். பன்னிரண்டுக்குள் வரவில்லை, காத்திருப்புப் பட்டியலில் இரண்டாவது. வகுப்பு தொடங்கி மூன்று வாரம் கழித்து யாரோ இரண்டு பேர் விலகியதில்தான் அழைப்பு வந்தது. மற்றவர்கள் காலுக்கு அச்சு வார்க்கப் பாதி கற்றுவிட்டிருந்தபோது இவள் போய்ச் சேர்ந்தாள்.

இதை அவள் அவரிடம் சொல்லவில்லை. அவள் அவரிடம் பிறகு பேசவே இல்லை. அக்காதான் சொன்னார். ஆறு மாதத்துக்கொரு பரிசோதனைக்கு வந்தவர், தன் பழைய தாள் ஒன்று வேண்டுமென்று எங்கள் அறைக்கு இறங்கி வந்தார். நான் ஏணிமேல் இருந்தேன். எங்கள் ஆள்தான் எழுந்து போய்க் கோப்பை எடுத்துக் கொடுத்தார். அக்கா தாளைச் சரிபார்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"தங்கச்சிக்கு இடம் கிடைச்சுடுச்சு. போன மாசம் போனா" என்றார். "அவ உங்ககிட்ட சொல்லச் சொல்லல. நானாத்தான் சொல்றேன்."

அவர் கைகளை மேசைமேல் ஊன்றிக்கொண்டார். "அம்மா, நான் செஞ்சது..." என்று ஆரம்பித்தார். மன்னிப்புக் கேட்பது இது ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ. வார்டில் கேட்டார், வீட்டு வாசலுக்கே போய்க் கேட்டார், கடிதம் எழுதிக் கேட்டார், ஓட்டலின் சலவைப் பிரிவு வாசலில் ஒரு முறை நின்றார்.

அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

"போதும் சார், இனி கேக்காதீங்க. நீங்க கேக்கறப்பல்லாம் நான் பரவாயில்லன்னு சொல்ல வேண்டியிருக்கு. எனக்குப் பரவாயில்லைன்னு இல்ல. பொய் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது."

அவர் சரி என்பதுபோல் தலையை அசைத்தார். அக்கா படியேறிப் போகும் சத்தம் முழுக்கத் தேயும்வரை நின்றுகொண்டே இருந்தார். பிறகு மேசையில் திறந்துகிடந்த கோப்பின் தாள்களை வரிசைப்படி அடுக்கி, நாடாவைக் கட்டி, அலமாரிக்குக் கொண்டுபோனார்.